வண்டி எப்போது நிற்கிறது?

பழைய பெட்ரோல் கார் திணறுகிறது என்றால் நம் ஊரில் பெரும்பாலான கைகள் முதலில் போகும் இடம், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டர். பானட்டைத் திறந்து ஏர் ஃபில்டரை எடுத்ததும் எதிரே நிற்பது அதுதான். கழற்றி, கழுவி, பெட்ரோல் போகும் சிறு துளைகளான ஜெட்டுகளை ஊதி, புது கிட் போட்டு மாட்டினால் பெரிய வேலை நடந்து முடிந்த திருப்தியும் கிடைக்கும். ஆனால் கோளாறு பல நேரம் அங்கே இருப்பதில்லை. வண்டியின் பின்பக்க அடியில் இருக்கும் டேங்க்கிலிருந்து பெட்ரோல் கிளம்பி கார்பரேட்டருக்கு வந்து சேருகிற வழியில் எங்கேயோ இருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும் என்பது என் அனுபவம். வண்டி எப்போது நிற்கிறது? காலையில் எடுக்கும்போதா, வேகமாகப் போகும்போதா, சிக்னலில் நிற்கும்போதா, சூடாக நிறுத்திவிட்டு டீ குடித்து வந்து மறுபடி எடுக்கும்போதா? இந்த நான்குக்கும் நான்கு வேறு இடங்கள். இதைக் கேட்காமல் ஸ்பேனரை எடுக்கும் மெக்கானிக்கிடம் நான் வண்டியை விடுவதில்லை.

என்னிடம் இருப்பது 1997 மாடல் மாருதி 800. அப்பா வாங்கியது. 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்பரேட்டர், கேம்ஷாஃப்ட் தள்ளி இயங்கும் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பு. பட்டறையில் இதை ஏசி பம்பு என்பார்கள், ஏர்கண்டிஷனருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1983 டிசம்பரில் தொடங்கி 2014 ஜனவரி வரை 800 தயாரிப்பில் இருந்தது. ஆனால் 2000-ஐ ஒட்டி, கார்பரேட்டர் இல்லாமல் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீச்சும் எம்பிஎஃப்ஐ வந்துவிட்டதால், கார்பரேட்டர் வைத்த 800 எல்லாமே இன்றைக்கு இருபது வயதைத் தாண்டியவை. இந்த வயதில் வண்டியின் ரப்பரும் தகரமும் எந்தக் கம்பெனி செய்ததாக இருந்தாலும் தளரத்தான் செய்யும். பத்மினியோ அம்பாசிடரோ வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். பெட்ரோல் போகும் பாதை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

எனக்கு வந்த கோளாறு இது. ஊருக்குள் வண்டி ஒழுங்காக ஓடும். காலையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். திருச்சியிலிருந்து மதுரைச் சாலையில் ஏறி, விராலிமலை தாண்டி எழுபதில் பிடித்துக்கொண்டு போனால், சற்று நேரத்தில் இழுவை குறையும். ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்னும் மோசமாகும். குலுங்கிக் குலுங்கி நின்றுவிடும். ஓரம் கட்டி நிறுத்தி, கொஞ்ச நேரம் பொறுத்து சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மறுபடி எழுபது, மறுபடி அதே கதை.

பிளக்குக்கு மின்பொறி தரும் காயில் சூடாகிறது என்றார் ஒருவர். கார்பரேட்டரைக் கழுவ வேண்டும் என்றார் இன்னொருவர். வெயிலில் பெட்ரோல் ஆவியாகி லைனில் அடைத்துக்கொள்கிறது என்பது மூன்றாவது தீர்ப்பு. மூன்றுமே நடக்கக்கூடியவைதான். அதனால்தான் எதையும் கழற்றாமல் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காயில் போனால் இன்ஜின் சாவும் விதமே வேறு. சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று நிற்கும். பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி அப்படி நிற்காது. முதலில் பலம் குறையும், இருமும், குலுங்கும், அப்புறம்தான் நிற்கும். கார்பரேட்டரின் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரை அது போராடுகிறது. என் வண்டி போராடித்தான் நின்றது. எழுபது சதவீத சந்தேகம் இதிலேயே தீர்ந்துவிடும்.

மீதி முப்பதைத் தீர்க்க 800-இல் அருமையான ஒரு வசதி இருக்கிறது. அதன் கார்பரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் ஒரு சிறிய கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறார்கள். நடுவில் வட்டமான ஒரு குறி. பெட்ரோல் மட்டம் அந்த வட்டத்துக்குள் நிற்க வேண்டும். வண்டி நின்ற உடனே இறங்கி, பானட்டைத் தூக்கி, அந்தக் கண்ணாடியைப் பாருங்கள். மட்டம் சரியாக இருந்தால் பெட்ரோல் வந்துகொண்டுதான் இருக்கிறது, தவறு மின்சாரப் பக்கம் அல்லது கார்பரேட்டருக்குள். மட்டம் இறங்கியிருந்தால் கார்பரேட்டருக்கு முன்னாலேயே எங்கேயோ தடை. இத்தனை வருடம் 800 ஓட்டிய எத்தனையோ பேர் இந்தக் கண்ணாடியைப் பார்த்ததே இல்லை. அழுக்கு படிந்து அது இருப்பதே தெரியாது. துணியால் துடைத்து வையுங்கள்.

என் வண்டியில் கண்ணாடி காலியாக இருந்தது.

சரி, கார்பரேட்டர் தப்பித்தது. இனி பின்னால் போக வேண்டும். இங்கே நான் பாதையை இரண்டாக வெட்டிப் பார்ப்பேன். பம்புக்கு முன், பம்புக்குப் பின். கார்பரேட்டரில் ஏறும் ஹோஸைக் கழற்றி ஒரு டப்பாவுக்குள் விட்டு, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயரை எடுத்து இன்ஜின் பாடியில் எர்த் வைத்துவிட்டு, ஒருவரை சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். எர்த் வைக்காமல் செய்யவே கூடாது. திறந்த பெட்ரோலுக்குப் பக்கத்தில் ஒரு பொறி போதும். பம்பு நன்றாக இருந்தால் ஒவ்வொரு தள்ளலுக்கும் பெட்ரோல் பீச்சிக்கொண்டு வரும். இந்த வகைப் பம்புகள் தருவது வெறும் 3 முதல் 5 பிஎஸ்ஐ அழுத்தம்தான். எம்பிஎஃப்ஐ வண்டியில் இருப்பது சுமார் 40. அதனால் இங்கே சின்னத் தடை கூடப் பெரிய விஷயம்.

பம்புக்குள் அசைந்து பெட்ரோலைத் தள்ளும் ரப்பர் படலமான டயாஃப்ரம் கிழிந்திருந்தால் இன்னொரு அடையாளம் உண்டு. ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் பம்பு பெட்ரோலை இன்ஜினுக்குள் விடுகிறது. அந்த வண்டியை அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர் கூட ஓட்டக் கூடாது. பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்கைக் காக்காது.

என் பம்பு பீச்சியது. ஆனால் இடையிடையே குமிழ் வந்தது. குமிழ் என்றால் காற்று. இந்த இடத்தில்தான் நல்ல மெக்கானிக்குகளும் தடுமாறுகிறார்கள். டேங்க்குக்கும் பம்புக்கும் நடுவில் இருப்பது உறிஞ்சும் பாதை. அங்கே ஹோஸ் வெடித்திருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடிப்பது போல. தரையில் ஈரமே இருக்காது, அதனால் லீக் இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். பம்புக்கு முன்னால் கொஞ்ச நீளத்துக்கு பெட்ரோல் தாங்கும், உள்ளே தெரிகிற குழாயை மாட்டி இன்ஜினை ஓடவிட்டால் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

எங்கள் பகுதியில் ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார். அம்பாசிடர் காலத்திலிருந்து பட்டறை வைத்திருப்பவர். குமிழைக் காட்டியதும் அவர் பம்பைத் தொடவே இல்லை. படுத்து வண்டிக்கு அடியில் போய் ஹோஸ்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். டேங்க் பக்கத்து ஹோஸ் வெளியே வழவழப்பாக இருந்தது, மடக்கியதும் கிளிப்புக்குக் கீழே வரிவரியாகப் பிளந்தது.

“இது மட்டும் இல்ல தம்பி, காத்து இழுத்தா மெதுவாப் போகும்போதும் தொல்லை குடுக்கும். உனக்கு வேகத்துல மட்டும்தானே நிக்குது? டேங்க்கை எறக்கணும்” என்றார்.

“ஃபில்டர்ல அடைப்பு இருக்குமா அண்ணே?”

“ஃபில்டர் அடைச்சா அடைச்சதுதான். நின்னுட்டு எடுத்தாலும் அடைப்பு உதிராது.”

அவர் சொன்னதை நான் பல முறை யோசித்திருக்கிறேன். ஃபில்டருக்குள் சிக்கிய அழுக்கு அங்கேயே இருக்கும். டேங்க்குக்குள் பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் நுனியில் மெல்லிய வலை ஒன்று உண்டு. டேங்க்கில் மிதக்கும் துருவும் தூசியும் வேகமாக உறிஞ்சும்போது அந்த வலையில் வந்து ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் உறிஞ்சுதல் நிற்கிறது, ஒட்டியது கீழே உதிர்ந்துவிடுகிறது. அதனால்தான் கொஞ்சம் பொறுத்து எடுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. ஊருக்குள் பெட்ரோல் தேவை குறைவு, இழுவை குறைவு, அதனால் கோளாறு தெரிவதில்லை. “வேகத்தில் நிற்கிறது, ஓய்வில் சரியாகிறது” என்ற ஒரு வரியிலேயே விடை இருந்திருக்கிறது.

டேங்க்கை இறக்குவதற்கு முன் இன்னொன்றைச் சோதித்தோம், செலவே இல்லாத சோதனை. இதே அடையாளத்தோடு வரும் இன்னொரு கோளாறு டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைப்பு. பெட்ரோல் வெளியேற வெளியேற அதன் இடத்துக்குக் காற்று போக வேண்டும். போகாவிட்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் கூடிக் கூடி, கடைசியில் பம்பால் இழுக்க முடியாமல் போகும். வண்டி நின்றதும் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று நீளமாகக் காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் விஷயம் முடிந்தது. என் வண்டியில் சத்தம் இல்லை. பூட்டு வைத்த மூடிகளை வெளிச்சந்தையில் வாங்கி மாட்டுபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். துளையே இல்லாத மூடிகள் விற்கிறார்கள்.

டேங்க்கை இறக்கிக் கவிழ்த்தபோது வந்தது காபிப்பொடி நிறத்தில் துரு. அப்பா ஓட்டுவதை நிறுத்திய பிறகு வண்டி நெடுநாள் ஷெட்டில் நின்றது. பாதி காலியான டேங்க்கில் பெட்ரோல் மட்டத்துக்கு மேலே இருக்கும் தகரம்தான் துருப்பிடிக்கும். பகல் சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும், இரவில் குளிர்ந்து சுருங்கி ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம். நிறுத்தி வைக்கும் வண்டியில் டேங்க்கை நிரப்பி வை என்று பழைய ஆட்கள் சொல்வதன் காரணம் இது.

கம்ப்ரஸர் காற்றை லைனுக்குள் பின்னோக்கி அடித்து “கிளியர் பண்ணிட்டேன்” என்று அனுப்பும் வழக்கம் ஒன்று உண்டு. வலையில் ஒட்டியிருந்தது டேங்க்குக்குள்ளேயே திரும்பிப் போகும், அவ்வளவுதான். சில நாள் நன்றாக ஓடும், அப்புறம் திரும்ப வரும்.

துருப்பிடித்த டேங்க்கில் ஓட்டை இருந்து வெல்டிங் வைக்க வேண்டியிருந்தால் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். காலியான பெட்ரோல் டேங்க் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது. உள்ளே நிற்கும் ஆவியும் காற்றும் சேர்ந்த கலவைதான் வெடிப்பது. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடிய அளவு ஆவியைத் தரும் பொருள். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, பட்டறைக் குழியில் போய்த் தங்கும். டேங்க்கை முழுக்கக் கழுவி ஆவியை வெளியேற்றி, அந்த வேலை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். இல்லையென்றால் பழைய மார்க்கெட்டில் வேறு டேங்க் தேடுங்கள். சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. இன்னொன்று: ஹோஸை வாயில் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சாதீர்கள். துளி நுரையீரலுக்குள் போனால் கூட மருத்துவமனைதான்.

ஹோஸ் பிளந்ததற்குக் காரணம் வயது மட்டும் இல்லை. நாம் போடும் பெட்ரோல் மாறிவிட்டது. 2003-இல் சில மாநிலங்களில் 5 சதவீத எத்தனாலுடன் தொடங்கியது, 2022-இல் நாடு முழுவதும் சராசரி 10-ஐத் தொட்டது, 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலவை விற்பனைக்கு வந்தது. இன்று பெரும்பாலான பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது அதுதான். இதற்கேற்ற ரப்பரும் பிளாஸ்டிக்கும் கொண்ட வண்டிகள் 2023 ஏப்ரலிலிருந்துதான் வருகின்றன. 1997-இல் செய்த வண்டிக்கு இதைப் பற்றி எதுவும் தெரியாது.

எத்தனால் மூன்று வேலை செய்கிறது. முதலாவது, சாதாரண நைட்ரைல் ரப்பரை ஊறவைத்து, காலப்போக்கில் இறுக்கமிழக்கச் செய்கிறது. ஹோஸ், பம்பு டயாஃப்ரம், ஆக்சிலேட்டர் பம்பின் சிறு டயாஃப்ரம் எல்லாம் இதில் அடக்கம். ஹோஸ் வாங்கும்போது மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எஸ்ஏஈ ஜே30 ஆர்9 என்று இருந்தால் உள்பூச்சு ஃப்ளோரோ ரப்பர், எத்தனாலைத் தாங்கும். ஆர்6, ஆர்7 பழைய வகை. எதுவுமே அச்சிடாத கறுப்பு ஹோஸை மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள், அது தண்ணீருக்கான ஹோஸாகக் கூட இருக்கலாம்.

இரண்டாவது, பல வருடமாக டேங்க்கிலும் லைனிலும் படிந்து கிடந்த பிசினையும் அழுக்கையும் எத்தனால் கரைத்துக் கிளப்பிவிடுகிறது. அவ்வளவும் ஃபில்டருக்கு வரும். அதோடு அது தண்ணீரையும் ஈர்க்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் போய் நிற்கும். உறிஞ்சும் குழாய் இருப்பதும் அடியில்தான். மழைக்குப் பிறகு வண்டி திடீரென்று தகராறு செய்தால், கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் எடுத்து அசையாமல் வைத்துப் பாருங்கள். கீழே தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் மொத்தத்தையும் வடித்துவிட வேண்டியதுதான்.

மூன்றாவது, கலவைக் கணக்கு. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். 20 சதவீதக் கலவைக்கு இது 13.5 பக்கம் வருகிறது. எம்பிஎஃப்ஐ வண்டியில் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். கார்பரேட்டரின் ஜெட் பித்தளையில் போட்ட ஓட்டை. அதனால் தானாகப் பெரிதாக முடியாது. ஆகவே கலவை வறண்டு போகிறது, அதாவது தேவைக்கு மேல் காற்று கூடிவிடுகிறது. காலையில் காற்றைக் குறைக்கும் சோக் அதிக நேரம் தேவைப்படும், ஐட்லிங்கில் நடுங்கும், ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு கணம் தயங்கும். பிளக்கைக் கழற்றினால் வெளிர் பழுப்புக்குப் பதில் வெண்மையாக இருக்கும். ஐட்லிங் மிக்சர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் ஸ்லோ ஓட்டம் சரியாகிவிடும். மெயின் ஜெட்டை மாற்றலாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. பிளக் நிறத்தைப் பார்த்து, ஒரே ஒரு படி பெரிதாக்கலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. மைலேஜ் குறைவதை மட்டும் எந்த ஸ்க்ரூவாலும் மீட்க முடியாது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

மற்ற “எப்போது”களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் மட்டும் நெடுநேரம் சுற்ற வேண்டியிருந்தால், பம்பின் வால்வு பிடிக்காமல் இரவில் பெட்ரோல் டேங்க்குக்கே இறங்கிவிடுகிறது, அல்லது சோக் தகடு முழுதாக மூடவில்லை. சிக்னலில் மட்டும் அணைந்தால், ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டைப் பாருங்கள். அதற்கு முன் சாவியை ஆன் செய்து கார்பரேட்டரில் இருக்கும், மின்சாரத்தால் திறக்கும் சாலினாய்டு வால்வு “டிக்” என்கிறதா என்று கேளுங்கள். அந்த ஒயர் கழன்றிருந்தாலே ஐட்லிங் போய்விடும். கறுப்புப் புகையும் பெட்ரோல் வாடையும் என்றால், கிண்ணத்துக்குப் பெட்ரோல் விடும் நீடில் வால்வு மூடவில்லை, அல்லது மிதவைக்குள் பெட்ரோல் புகுந்து அது மிதக்கவில்லை. மிதவையைக் காதருகே குலுக்கினால் தெரிந்துவிடும். கார்பரேட்டரைத் திறக்க இதெல்லாம் நியாயமான காரணங்கள்.

சூடாக நிறுத்திவிட்டு உடனே எடுத்தால் வர மறுப்பது ஆவிக் கோளாறு. கோடையில் அம்பாசிடர் டாக்சிக்காரர்கள் பம்பின் மேல் ஈரத்துணி போட்டு வைத்திருப்பார்கள். அது இன்றைக்கும் வேலை செய்யும் வைத்தியம். பானட்டைத் திறந்து வைத்துக் கொஞ்சம் காத்திருந்தாலும் போதும். லைன் எங்காவது எக்ஸாஸ்ட்டை உரசிப் போகிறதா என்று பார்ப்பது நிரந்தர வைத்தியம்.

பெட்ரோல் மேலேயே சந்தேகம் வந்தால் பங்கில் ஃபில்டர் பேப்பர் கேளுங்கள். வைத்திருக்க வேண்டியது அவர்கள் கடமை. பெட்ரோல் போடும் துப்பாக்கியின் நுனியைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால், நல்ல பெட்ரோல் கறையில்லாமல் ஆவியாகிவிடும். கறை தங்கினால் மண்ணெண்ணெய் போல ஏதோ கனமான பொருள் கலந்திருக்கிறது. இன்னும் பழைய இன்ஜின்கள் சில மண்ணெண்ணெயிலும் ஓடியிருக்கின்றன. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் துளி பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஆஸ்டினையும் மோரிஸையும் ஓட்டினார்கள். வழியில்லாமல் செய்தது அது. காசு கொடுத்துப் பெட்ரோல் வாங்குகிற நமக்கு அந்த அவசியம் இல்லை.

என் வண்டிக்குக் கடைசியில் செய்தது இவ்வளவுதான். டேங்க்கைச் சுத்தம் செய்தோம், வலையை மாற்றினோம், டேங்க்கிலிருந்து கார்பரேட்டர் வரை எல்லா ஹோஸையும் ஆர்9-ஆக மாற்றினோம், பம்புக்குப் புது டயாஃப்ரம், லைனில் புது ஃபில்டர். கார்பரேட்டரைக் கழற்றவே இல்லை. மதுரைச் சாலையில் இப்போது எழுபதிலேயே போகலாம், திணறல் இல்லை.

டேங்க்கைக் கழுவிய வண்டியில் மிச்சத் துரு கொஞ்ச காலம் வந்துகொண்டே இருக்கும். அதனால் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஃபில்டராக வாங்கி, முதல் மாதத்தில் அடிக்கடி பார்த்து, நிறம் மாறியதும் தயங்காமல் மாற்றுங்கள். விலை பெரிதில்லை. டிக்கியில் ஒரு ஃபில்டர், அரை மீட்டர் ஹோஸ், நாலு கிளிப், ஒரு ஸ்க்ரூ டிரைவர் வைத்துக்கொண்டால் சாலையோரத்திலேயே, இன்ஜின் ஆறிய பிறகு மாட்டிவிடலாம். ஃபில்டரின் மேல் ஒரு அம்புக்குறி இருக்கும். அது இன்ஜின் பக்கம் பார்த்திருக்க வேண்டும்.